படம் வருது, சத்தம் வரல

பேசினதை அப்படியே எழுதினா பாதி இடத்தை "அதாவது"வும் "ஆக்சுவலா"வும் பிடிச்சுக்கும். அதையெல்லாம் கழிச்சு, வாசிக்கிறதுக்கு ஏத்த மாதிரி திருத்தியிருக்கேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 10.40. ஆபீஸ்ல எங்க டீமோட தினசரி மீட்டிங். போன் அடிக்குது, பார்த்தா சித்தி. பள்ளிக்கூட நேரத்துல சித்தி யாருக்கும் போன் பண்ண மாட்டாங்க. வீட்ல யாருக்கோ ஏதோ ஆயிடுச்சுன்னு பதறி எடுத்தேன்.

"டேய், படம் வருது, சத்தம் வரல."

பின்னாடி குழந்தைங்க சத்தம் மட்டும் நல்லா வந்துச்சு.

இது ரொம்பச் சாதாரண பிரச்சினை. லேப்டாப்பை ஹெச்.டி.எம்.ஐ. கேபிள்ல புரொஜெக்டரோட இணைச்சா, படத்தோட சேர்ந்து ஒலியும் அந்தக் கேபிள் வழியாவே போயிடும். லேப்டாப் தன்னோட வேலை முடிஞ்சதுன்னு வாயை மூடிக்கும். புரொஜெக்டர்ல ஸ்பீக்கர் இல்லேன்னா, இருந்தும் அதோட வால்யூம் பூஜ்யத்துல இருந்தா, சத்தம் எங்கேயும் கேட்காது. திரையில கீழே வலது மூலையில இருக்கிற ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி எங்க போகணும்னு மாத்தணும், அவ்வளவுதான். போன்லயே சொல்லிச் சொல்லி மூணு நிமிஷத்துல சரி பண்ணிட்டேன். கொஞ்சம் பெருமையாவே மீட்டிங்குக்குத் திரும்பினேன்.

சாயங்காலம் கூப்பிட்டு, "அப்புறம் நல்லா ஓடுச்சா சித்தி?"ன்னு கேட்டேன்.

"எங்க ஓட்டறது? நீ அதைத் தட்டு இதைத் தட்டுன்னு சொல்லிட்டு இருக்கும்போதே இங்க ரெண்டு பேர் சண்டை, ஒருத்தன் அழுகை, ஒருத்தி தண்ணி பாட்டிலைக் கொட்டிட்டா. எல்லாத்தையும் அணைச்சுட்டுப் பாட்டு பாடினோம். உனக்கு அது மூணு நிமிஷம்டா. எனக்கு அந்தப் பாடவேளை."

இந்த எபிசோட் முழுக்க அந்தக் கடைசி ரெண்டு வாக்கியத்தைப் பத்திதான்.

சித்தி வேலை பார்க்கிறது மணவூர் ஸ்டேஷன்ல இறங்கி ஷேர் ஆட்டோல போற தூரத்துல இருக்கிற ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. பேர் வேண்டாம். மணவூர் தெரியாதவங்களுக்கு: சென்ட்ரல்ல அரக்கோணம் லோக்கல் ஏறினா திருவள்ளூர், கடம்பத்தூர் எல்லாம் தாண்டி, திருவாலங்காட்டுக்கு முந்தின ஸ்டேஷன். இன்னும் கொஞ்ச தூரம் போனா திருத்தணி மலை, அதுக்கும் அந்தப் பக்கம் ஆந்திரா. திருத்தணியே 1953-ல ஆந்திர மாநிலம் உருவானப்போ அந்தப் பக்கம் போய், 1960 ஏப்ரல் 1-ல தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த ஊர். ம.பொ.சி., எல்லைப் போராட்டம் எல்லாம் தனி எபிசோடுக்கான விஷயம். இங்க தேவையானது ஒண்ணுதான்: வரைபடத்துல கோட்டை மாத்தினாங்க, வீட்டுக்குள்ள பேசுற மொழி மாறல. சித்தி வகுப்புல கால்வாசிப் பிள்ளைங்க வீட்ல பேசுறது தெலுங்கு.

பள்ளியில மொத்தம் ரெண்டு ஆசிரியர்கள். ஹெச்.எம். நாலும் அஞ்சும் பார்த்துக்கிறார். ஒண்ணு, ரெண்டு, மூணு மூணுமே ஒரே அறையில, சித்தி கையில.

ஆப்பும் ஆப்பும்

"அரசுப் பள்ளியில டெக்னாலஜியே இல்லப்பா"ன்னு யாராவது சொன்னா, அவங்க பத்து வருஷமா பள்ளிப் பக்கம் போகலைன்னு அர்த்தம். 2011-ல இலவச லேப்டாப் திட்டம் வந்தது. 2018-ல புதுப் பாடப்புத்தகங்கள் க்யூ.ஆர். கோடோட வந்தன. ஸ்கேன் பண்ணினா தீக்ஷா தளத்துல இருக்கிற வீடியோவுக்குக் கூட்டிட்டுப் போகும். 2019 ஆகஸ்ட்ல கல்வித் தொலைக்காட்சி, 2023-ல மணற்கேணி செயலி. அப்புறம் தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 79,723 பேருக்குக் கையடக்கக் கணினின்னு அரசு அறிவிச்சது. கொரோனா காலத்துப் படிப்பு இடைவெளியைச் சரிக்கட்ட வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தை 2022 ஜூன் 13-ல முதலமைச்சர் தொடங்கி வச்சதே எங்க திருவள்ளூர் மாவட்டத்துல, அழிஞ்சிவாக்கம் பள்ளியிலதான். ஒண்ணாவதுல இருந்து மூணாவது வரைக்கும் பிள்ளைங்களை வகுப்பா பார்க்காம அரும்பு, மொட்டு, மலர்னு நிலையா பார்க்கிற முறை அது. யார் எந்த நிலையில இருக்காங்கன்னு ஆசிரியர் மதிப்பிட்டுச் செயலியில பதிவு பண்ணணும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. ஒரே போன் ரெண்டு வேலை பார்க்குது. ஒண்ணு, ஆசிரியர் பாடம் நடத்த உதவுறது. இன்னொண்ணு, ஆசிரியர்கிட்ட இருந்து தகவல் வாங்குறது. வருகைப் பதிவு, மதிப்பீடு, நலத்திட்ட விவரம்னு எமிஸ்ல ஏத்த வேண்டியது நிறைய. அந்தப் பதிவு வேலையில இருந்து எங்களை விடுவிங்கன்னு ஆசிரியர் சங்கங்கள் வருஷக்கணக்கா கேட்டுட்டு இருக்காங்க. அரசுக்குத் தகவல் வேண்டாம்னு நான் சொல்லல. முப்பத்தேழாயிரத்துக்கும் மேல அரசுப் பள்ளிகள் இருக்கிற மாநிலத்துல தகவல் இல்லாம ஒரு நோட்டுப் புத்தகம்கூட சரியா போய்ச் சேராது. ஆனா ரெண்டாவது வேலை முதல் வேலையோட மரியாதையைக் கெடுத்துடுது. பல டீச்சர்களுக்கு "டெக்னாலஜி"ன்னு சொன்னதும் மனசுல வர்றது வீடியோ இல்ல, சுத்திக்கிட்டே இருக்கிற வட்டம்.

இது புரியாமத்தான் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நான் சித்திக்காக ஒரு ஆப் எழுதினேன்.

எந்தக் குழந்தை எழுத்துல இருக்கு, எது சொல்லுக்கு வந்திருக்கு, எது வாக்கியம் வாசிக்குதுன்னு தினமும் ஒரு தட்டுல குறிச்சுக்கலாம். கூடவே சின்னக் குறிப்பு எழுதலாம். பேர் வச்சு, லோகோ போட்டு, டொமைன் வாங்கி, எல்லாம் முடிச்ச பிறகுதான் சித்திகிட்டயே சொன்னேன். இந்த வரிசையைப் பார்த்தாலே எங்க தப்புன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

"இன்னொரு ஆப்பா? ஏற்கெனவே வச்ச ஆப்பு போதாதா?"ன்னு கேட்டாங்க. அப்புறம் நான் முகம் வாடினதைப் பார்த்துட்டு, "சரி, போட்டுக் கொடு"ன்னாங்க.

மூணு வாரம் ஒழுங்கா குறிச்சாங்க. அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை போனை நீட்டி, "இதுல ஒண்ணுமே காணோமேடா"ன்னாங்க.

என்ன நடந்துச்சுன்னா, அந்த அறையில ஜன்னல் ஓரத்துல மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். நான் எழுதின ஆப் ஒரு குறிப்பைச் சேமிச்சதும் பச்சை டிக் காட்டும். ஆனா சர்வர்ல இருந்து "வந்து சேர்ந்துச்சு"ன்னு பதில் வர்றதுக்கு முன்னாடியே அந்த டிக்கைக் காட்டும்படி நான் எழுதியிருந்தேன். பார்க்க வேகமா இருக்கும்ங்கிறதுக்காக எங்க தொழில்ல பழகிப்போன தந்திரம் அது. சென்னையில என் அறை வைஃபைல ஒரு தடவைகூட தப்பல. சித்தி வகுப்புல பதினோரு நாள் பதிவு எங்கேயும் போய்ச் சேரல. பச்சை டிக் பொய் சொல்லிச்சு. இன்னும் சரியா சொன்னா, நான் சொன்னேன்.

அந்தப் பதினோரு நாள்ல ஒரு ரெண்டாம் வகுப்புப் பொண்ணைப் பத்தி ஒரு குறிப்பு இருந்தது. "கண்?" அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க. பலகையில எழுதினா திணறுறா, புத்தகத்தை மூக்குக்கிட்ட வச்சா வாசிக்கிறா, அதனால கண் பார்க்கச் சொல்லணும்னு நினைச்சு எழுதினது. குறிப்பு ஆப்ல இருக்குன்னு நம்பி மனசுல இருந்து இறக்கி வச்சுட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு வேற எதுக்கோ அவ நோட்டைத் திருத்தும்போதுதான் திரும்ப ஞாபகம் வந்தது. இப்போ கண்ணாடி போட்டிருக்கா, நல்லா வாசிக்கிறா. ஆனா அந்த ஒரு மாசம் அவ "மந்தம்"னு உட்கார்ந்திருந்ததுக்கு என் பச்சை டிக்தான் காரணம்.

சித்தி திட்டல. மறுநாள் லாங் சைஸ் நோட்டு ஒண்ணு வாங்கி, ஸ்கேல்ல கோடு போட்டு, பழையபடி எழுத ஆரம்பிச்சுட்டாங்க. திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்தது.

கடைசி வரிசையில ஒரு நாள்

அதுக்கப்புறம் முதல்லயே செஞ்சிருக்க வேண்டியதைச் செஞ்சேன். ஒரு நாள் லீவ் போட்டு, ஹெச்.எம்.கிட்ட அனுமதி வாங்கி, வகுப்பு முழுக்கக் கடைசியில உட்கார்ந்திருந்தேன். லேப்டாப் கொண்டு போகல. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், பிள்ளைங்களுக்குக் காவடியைத் தவிர வேற பேச்சே இல்ல.

முதல்ல தெரிஞ்சது, சித்திக்கு "டிஜிட்டல் கன்டென்ட்" பஞ்சமே இல்ல. அவங்களுக்குப் பஞ்சம் இன்னொரு ஜோடிக் கை. ஒண்ணாம் வகுப்புப் பையனைப் பக்கத்துல உட்கார வச்சு எழுத்து எழுத்தா வாசிக்கச் சொல்லும்போது, மூணாம் வகுப்பு என்ன பண்ணும்? அந்தப் பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தைத் தாங்கிப் பிடிக்கத்தான் அவங்களுக்குப் புரொஜெக்டர் வேணும். அனிமேஷன் எவ்வளவு அழகுங்கிறது ரெண்டாம் பட்சம். நாங்க மென்பொருள் எழுதும்போது "பயனர் திரையைப் பார்த்துட்டு இருக்கார்"னு எடுத்துக்குவோம். இந்தப் பயனருக்குத் திரையைப் பார்க்க நேரமே கிடையாது. அவங்க பார்வை முழுக்கப் பிள்ளைங்க மேல.

ரெண்டாவது, ஆடு.

எழுத்து அறிமுக வீடியோ ஓடுது. "ஆ... ஆடு"ன்னு குரல், திரையில ஆடு. ஒரு பையன் எழுந்து நின்னு, "மேக்க! மேக்க!"ன்னு கத்துறான். ரெண்டு பேர் மேகம்னு நினைச்சு ஜன்னல் வழியா வானத்தைப் பார்க்கிறாங்க. அவன் சொன்னது தெலுங்கு, ஆட்டுக்கு அவன் வீட்ல அதான் பேர். வீடியோ அதுக்குள்ள "இ... இலை"க்குப் போயிடுச்சு. சித்தி பலகைக்கிட்ட இருந்து விறுவிறுன்னு நடந்து வந்து, லேப்டாப்பைக் குனிஞ்சு பார்த்து, பட்டனைத் தேடி நிறுத்தினாங்க. "ஆமாடா, உங்க வீட்ல மேக்க, இங்க ஆடு. உங்க வீட்ல எத்தனை மேக்க?" ஆறுன்னான். ஒண்ணு குட்டி போட்டிருக்குன்னான். அவன் அந்த வாரம் வகுப்புல வாய் திறந்ததே அப்போதான்னு சித்தி பிறகு சொன்னாங்க.

நாலு நிமிஷ வீடியோ, பதினாறு நிமிஷம் ஆச்சு. வகுப்பு நடந்தது அந்த மீதிப் பன்னிரண்டு நிமிஷத்துலதான். வீடியோ எடுத்தவங்களுக்கு அந்தப் பையனைத் தெரியாது, தெரிய வாய்ப்பும் இல்ல. அவனைத் தெரிஞ்சவங்க கையில நிறுத்துற பட்டன் இருக்கணும். அது அவங்க நிக்கிற இடத்துல இருந்து எட்டடி தள்ளி இருந்தது.

அன்னிக்குச் சாயங்காலமே ஒரு ஒயர்லெஸ் கீபோர்டு ஆர்டர் பண்ணினேன். நீளமான பட்டனைத் தட்டினா படம் நிக்கும், திரும்பத் தட்டினா ஓடும். நான் ஆறு மாசம் ராத்திரி ராத்திரியா எழுதின ஆப்பைவிட அந்தக் கீபோர்டு அவங்களுக்கு அதிகமா உதவுது. அதைச் சொல்ல எனக்கு இப்பவும் லேசா வலிக்கும்.

திருத்தணிப் பக்கம்னு சொன்னதும் உங்கள்ல சிலருக்கு 2018 ஞாபகம் வரலாம். பள்ளிப்பட்டு பக்கத்துல வெளியகரம் அரசு உயர்நிலைப் பள்ளியில ஒரு இளம் ஆங்கில ஆசிரியருக்கு இடமாறுதல் வந்தப்போ, பிள்ளைங்க அவரைச் சூழ்ந்து பிடிச்சுக்கிட்டு அழுத படம் நாடு முழுக்கப் போச்சு. அவர் புரொஜெக்டர்ல படம் போட்டு வகுப்பு எடுக்கிறவர்னும் அப்போ செய்திகள்ல வந்தது. பிள்ளைங்க அழுதது புரொஜெக்டருக்காக இல்லைங்கிறதை நான் சொல்லத் தேவையில்ல. ஆனா அது அவர் கையில நல்லா வேலை செஞ்சதுக்கும், பிள்ளைங்களை அவர் அவ்வளவு தெரிஞ்சு வச்சிருந்ததுக்கும் சம்பந்தம் இருக்குன்னு நினைக்கிறேன்.

ஜெராக்ஸோட ஜெராக்ஸ்

சரி, பயிற்சி கொடுக்கிறாங்களேன்னு கேட்பீங்க. கொடுக்கிறாங்க. மாநில அளவுல சிலருக்கு, அவங்க மாவட்டத்துக்கு, மாவட்டம் வட்டார வள மையத்துக்கு, அங்க இருந்து ஆசிரியர் பயிற்றுநர்கள் மூலமா எங்க சித்திக்கு. லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்குச் சில வாரத்துல சொல்லியாகணும்னா இதைத் தவிர வழியும் குறைவு. ஆனா இது ஜெராக்ஸை வச்சு ஜெராக்ஸ், அதை வச்சு இன்னொரு ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி. நாலாவது பிரதி வரும்போது ஓரத்துல இருந்த எழுத்து காணாமப் போயிருக்கும். "சத்தம் வரலைன்னா என்ன பண்ணணும்"ங்கிறது எப்பவும் அந்த ஓரத்துலதான் இருக்கும்.

அமெரிக்காவுல புரூஸ் ஜாய்ஸ், பெவர்லி ஷவர்ஸ்னு ரெண்டு ஆய்வாளர்கள் 1980-கள்ல இருந்தே இதைச் சொல்லிட்டு வந்தாங்க. விளக்கம் கேட்டா ஆசிரியருக்குப் புரியும். செஞ்சு காட்டினா இன்னும் புரியும். ஆனா புதுசா கத்துக்கிட்டது சொந்த வகுப்புல நிரந்தரமா பழக்கத்துக்கு வரணும்னா, அவங்க அங்க முயற்சி பண்ணும்போது கூடவே ஒருத்தர் இருக்கணும். சைக்கிள் கத்துக் கொடுக்கிறவங்க சீட்டைப் பிடிச்சுக்கிட்டுக் கூடவே ஓடுவாங்களே, அது மாதிரி. அந்த ஆளைத்தான் நாம எப்பவும் பட்ஜெட்ல விட்டுடுறோம்.

விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்குப் பெரு நாடு உதாரணம். குழந்தைக்கு ஒரு லேப்டாப்னு உலகம் முழுக்கப் பேசப்பட்ட திட்டத்துல அந்த நாடு லட்சக்கணக்குல லேப்டாப் வாங்கிக் கிராமப்புறப் பள்ளிகளுக்குக் கொடுத்தது. 319 பள்ளிகளை வச்சு நடத்தின ஆய்வு 2012-ல வெளியானது. பதினஞ்சு மாசப் பயன்பாட்டுக்குப் பிறகும் கணக்குலயும் மொழியிலயும் முன்னேற்றம் எதுவும் தென்படல.

விடாம இருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், கேரளா போதும். 2001-ல ஐ.டி. அட் ஸ்கூல்னு ஒரு திட்டமா தொடங்கி, 2017-ல கைட்னு ஒரு நிறுவனமாவே மாத்தினாங்க. அவங்க 45,000 வகுப்பறைகளை ஹைடெக் ஆக்கினதைப் பத்தி எல்லாரும் பேசுவாங்க. எனக்கு அதைவிட முக்கியமாப் படுறது அதுக்குப் பின்னாடி இருக்கிற ஆட்கள். பயிற்சி கொடுக்கிற மாஸ்டர் டிரெய்னர்கள் பள்ளி ஆசிரியர்கள்ல இருந்து வந்தவங்க. உயர்நிலைப் பள்ளிகள்ல ஒரு ஆசிரியரே ஐ.டி. ஒருங்கிணைப்பாளரா இருப்பார். கட்டற்ற மென்பொருளை எடுத்துத் தங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தி, எல்லாப் பள்ளிக்கும் ஒரே மாதிரி கொடுத்தாங்க. இது காசு மிச்சம்ங்கிறதுக்காக மட்டும் இல்ல. எல்லார் திரையும் ஒரே மாதிரி இருந்தா, பக்கத்து ஊர் டீச்சர் போன்லயே வழி சொல்லிடலாம். 2018-ல லிட்டில் கைட்ஸ்னு மாணவர் கிளப் ஆரம்பிச்சு, உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு அனிமேஷன், மலையாளக் கணினி, ஹார்டுவேர்னு சொல்லிக் கொடுத்தாங்க. கேபிள் கழண்டா ஓடி வந்து மாட்ட ஐம்பது அடிக்குள்ள ஒரு ஒன்பதாம் வகுப்புப் பையன் இருக்கான். எங்க கம்பெனியில இதைப் பண்ண ஷிப்ட் போட்டு, பேஜர் கொடுத்து, தனி அலவன்ஸும் கொடுப்பாங்க.

நம்ம ஊர்லயும் இதுக்கு முன்னுதாரணம் இருக்கு, அது கணினியைப் பத்தினது இல்லைன்னாலும். 2003-ல சென்னை மாநகராட்சிப் பள்ளிகள்ல செயல்வழிக் கற்றல் கொண்டு வந்தப்போ, ஆசிரியர்களை மதனப்பள்ளி பக்கத்துல இருக்கிற ரிஷி வேலிக்கு அனுப்பி, அந்த அட்டைகளை வச்சு நிஜமான ஒரு வகுப்பு எப்படி நடக்குதுன்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. ஆசிரியர் நம்புறது இன்னொரு ஆசிரியரை. இதை ஒரு இன்ஜினியரா நான் ஒத்துக்கிட்டே ஆகணும்.

வெள்ளிக்கிழமை நாலரை மணி

இப்போ நாங்க என்ன பண்றோம்னு சொல்றேன், இதுல பெரிய கண்டுபிடிப்பு எதுவும் கிடையாது. அடுத்த வாரத்துக்கு வேண்டிய வீடியோக்களை நான் முன்கூட்டியே இறக்கி பென்டிரைவ்ல போட்டுடுவேன். வகுப்பு நேரத்துல இணையம் தேவையே வராது. ஞாயித்துக்கிழமை அது ரயில்ல போகும், வேகம் கொஞ்சம் கம்மிதான், ஆனா ஒரு தடவைகூட அறுந்ததில்ல. வெள்ளிக்கிழமை நாலரை மணிக்குப் பிள்ளைங்க போன பிறகு, சித்தி அடுத்த வாரம் போடப் போறதை ஒரு தடவை முழுக்க ஓட்டிப் பார்ப்பாங்க, கேபிள் மாட்டுறதுல இருந்து. தப்பு வந்தா காலி அறையில வரட்டும். சத்தம் வரலைன்னா, படம் வரலைன்னா, பாதியில நின்னுட்டா என்ன செய்யணும்னு அவங்க லேப்டாப் திரையையே போட்டோ எடுத்து, அம்புக்குறி போட்டு, லேமினேட் பண்ணிச் சுவத்துல மாட்டியிருக்கோம். அம்புக்குறியை அவங்கதான் போட்டாங்க. நான் போட்டிருந்ததுல எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இருந்துச்சு, அவங்க தேடுறது இல்ல.

இன்னொரு விதியும் இருக்கு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள சரியாகலைன்னா அணைச்சுட்டுப் பலகைக்குப் போயிடணும், அதுல வெட்கப்பட ஒண்ணும் இல்ல. எங்க தொழில்ல இதை ரோல்பேக்னு சொல்வோம். முன்னாடி வேலை செஞ்சுட்டு இருந்த நிலைக்குத் திரும்புறது. ஒவ்வொரு வீடியோவுக்கும் கூடவே அதே பாடத்துக்கு ஒரு பாட்டோ கதையோ சித்தி கையில தயாரா இருக்கும். முன்னாடி வீடியோ நின்னா டீச்சர் தோத்த மாதிரி ஒரு நிலைமை இருந்தது. இப்போ வீடியோதான் தோத்துப் போகும்.

நோட்டு நோட்டாவே இருக்கு. வாரத்துக்கு ஒரு தடவை அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து வச்சுக்கிறாங்க, தொலைஞ்சா இருக்கட்டும்னு. என் ஆப்பை மூடிட்டேன். டொமைன் இன்னும் ஏழு மாசம் இருக்கு, யாருக்காவது வேணும்னா சொல்லுங்க.

ஆனா எனக்கு வர்ற போன் குறைஞ்சதுக்கு இதெல்லாம் காரணம் இல்ல. சுத்துப்பட்டுப் பள்ளி டீச்சர்கள் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வச்சிருக்காங்க. குட் மார்னிங் படம் அனுப்பக்கூடாது, அரசாணை பார்வர்டு பண்ணக்கூடாது, "இதுகூடத் தெரியாதா"ன்னு கேட்கவே கூடாது. சந்தேகத்தை வாய்ஸ் நோட்டா போட்டா, முந்தின வாரம் அதே பிரச்சினையில மாட்டினவங்க யாராவது பதில் போடுவாங்க. நானும் அதுல இருக்கேன், பெரும்பாலும் சும்மாதான். ஒரு தடவை ஸ்பீக்கர் விஷயத்துக்கு நான் நீளமா பதில் டைப் பண்ணிட்டு இருக்கும்போதே, ஒரு டீச்சர் "அந்த ஸ்பீக்கர் பொம்மையைத் தட்டுங்க, ரெண்டாவதா இருக்கிறதைத் தொடுங்க"ன்னு ஆறு செகண்ட்ல சொல்லி முடிச்சுட்டாங்க. நான் டைப் பண்ணதை அழிச்சுட்டேன்.

ராதாகிருஷ்ணன் பிறந்தது திருத்தணி, அதனால எங்க பக்கத்துல செப்டம்பர் 5-ன்னா கொஞ்சம் கூடுதலாவே கொண்டாடுவாங்க. வீட்டுக்கு வீடு ஸ்டேட்டஸ் வைப்போம். உங்க வீட்லயோ தெருவுலயோ ஒரு டீச்சர் இருந்தா, இந்த வருஷம் ஸ்டேட்டஸ் வைக்கிறதோட, "இந்த வாரம் வகுப்புல எது வேலை செய்யல?"ன்னு ஒரு கேள்வி கேளுங்க. கேட்டுட்டு உடனே லேப்டாப்பைத் திறக்காதீங்க. முடிஞ்சா ஹெச்.எம். அனுமதியோட ஒரு நாள் போய் உட்காருங்க. பிள்ளைங்களை போட்டோ எடுக்காதீங்க. ஸ்டோரி போட அது உங்க இடம் இல்ல.

போன மாசம் ஒரு நாள் திரும்பவும் பத்தே முக்காலுக்குச் சித்தி போன். மீட்டிங்ல இருந்து ஓடி வந்து எடுத்தேன்.

"என்ன சித்தி, சத்தம் வரலையா?"

"அதெல்லாம் வருது. இங்க ஒருத்தி உன்கிட்ட ஏதோ கேட்கணுமாம்."

கண்ணாடி போட்ட அந்தப் பொண்ணு. இப்போ மூணாம் வகுப்பு, கீபோர்டு அவ பொறுப்பு. சித்தி "நிறுத்து"ன்னதும் தட்டுறது அவ வேலை.

"அண்ணா, இதுல பேட்டரி எந்தப் பக்கம் போடணும்?"

பின்பக்கம் மூடியைத் திறந்தா பிளஸ், மைனஸ்னு குறி இருக்கும்மான்னு ஆரம்பிச்சேன். "ம்... பார்த்துட்டேன்"னு சொல்லி அவளே கட் பண்ணிட்டா.

அடுத்த எபிசோட், நான் முன்னாடி தொட்டு விட்ட எல்லைக் கதை. 1953-ல இருந்து 1960 வரைக்கும் திருத்தணிப் பள்ளிகள்ல பிள்ளைங்க எந்த மொழியில படிச்சாங்கன்னு தெரிஞ்ச தாத்தா பாட்டி உங்க வீட்ல இருந்தா, ரெண்டு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பி வைங்க.